ரப்பர் பேண்டு போட்ட இரண்டு போன்கள்

"நல்ல பேட்டரியை ஜெசிந்தாவுக்குக் கொடுத்துட்டு, சொத்தையை என் தலையில கட்டிட்டீங்களே டீச்சர்."

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சந்தனமாரி இதைச் சொல்லிவிட்டாள். மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

ரஹீமா டீச்சர் நிமிரவில்லை. பூதக்கண்ணாடிக்கு அடியில் யாருடைய போனோ குடல் தெரியக் கிடந்தது.

"உள்ள வாங்கக்கா. ஃபேனைப் போட்டுறாதீங்க, ஸ்க்ரூ பறந்துரும்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ரெண்டு பேட்டரியும் ஒரே பெட்டியில வந்தது. கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"கண்ணை மூடினா என்ன? ஜெசி எந்தப் பக்கம் நிக்கிறான்னு உங்க கைக்குத் தெரியாதா?"

டீச்சர் சிரித்தார். கையை நீட்டினார். சந்தனமாரி போனைக் கொடுத்தாள்.

போனைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை உருவி, முதுகைத் தூக்கி, மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் மேல் வைத்துப் பார்த்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு."

"மீட்டரும் உங்க மீட்டர்தானே."

டீச்சர் மீட்டரை ஓரமாக வைத்தார். முதுகை மூடி, ரப்பர் பேண்டைப் போட்டு, போனை அவள் கையில் திருப்பி வைத்தார்.

அவ்வளவுதான் பதில்.

*

அது செல்போன் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிற இடம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், பாத்திரக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். சந்தனமாரி அவரைவிட மூத்தவள். ஆனாலும் டீச்சர் டீச்சர்தான்.

சந்தனமாரி எட்டாவதோடு நின்றவள். நூல் மில்லில் வாலிபம் முழுக்க நின்றபடியே வேலை பார்த்தவள். நூல் அறுந்த இடத்துக்கு ஓட வேண்டும், முடிச்சுப் போட வேண்டும், அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் விசில் அடிப்பான். முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு மில்லே அவளை அனுப்பிவிட்டது.

இந்த வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டபோது அவளுக்குப் பிடித்துப்போனது செல்போன் அல்ல. இது நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதுதான்.

தனியாக வர வெட்கம். பக்கத்து வீட்டு ஜெசிந்தாவைத் துணைக்குக் கூட்டிவந்தாள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

துணைக்கு வந்தவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். டீச்சர் ஒரு தடவை காட்டினால் ஜெசிந்தாவுக்குப் போதும். சந்தனமாரிக்கு இன்னொரு தடவை வேண்டும். போதாததற்கு, டீச்சர் அவளை "அக்கா" என்றார், ஜெசிந்தாவை "ஜெசி" என்றார்.

"மரியாதை தர்றாங்க, அதுக்கும் கோபமா?" என்று கேட்டார் அவள் புருஷன் கருத்தபாண்டி.

"மரியாதை யாருக்கு வேணும்? வேண்டாதவங்களுக்குத்தான் மரியாதை குடுப்பாங்க."

இப்போது டீச்சர் மார்க்கெட் பக்கம் இன்னொரு கடை பிடித்திருந்தார். பெட்டிக்கடை அளவுதான். ஒரு ஷட்டர், ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி.

அந்த நாற்காலியில் யார் உட்காருவது?

"ரெண்டு பேரும் உங்க பழைய போனுக்கு நீங்களே பேட்டரி மாத்துங்க" என்றார் டீச்சர். "சனிக்கிழமை காலையில முழுசா சார்ஜ் ஏத்தி எடுத்துக்கிட்டுப் போங்க. சாயங்காலம் வாங்க. யார் போன்ல சார்ஜ் நிக்குதோ அவங்களுக்குக் கடைச் சாவி."

இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே மாடல். சந்தனமாரி வாங்கினாள்; அடுத்த வாரம் ஜெசிந்தாவும் போய் அதையே வாங்கிவந்தாள். கேட்டால், "அக்கா வாங்கினா நல்லதாத்தான் இருக்கும்" என்றாள்.

அதையும் சந்தனமாரி மறக்கவில்லை.

*

புதன்கிழமை மாற்றினார்கள்.

ஹேர் டிரையரால் முதுகுக்குச் சூடு காட்டினார்கள். ஓரத்துப் பசை இளகியதும் பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து மெல்ல வழித்தார்கள். முதுகு கழன்றது.

"முதல்ல என்ன கழத்தணும்?" என்றார் டீச்சர்.

"பேட்டரி" என்றாள் சந்தனமாரி.

"பேட்டரியோட வயர் கனெக்ஷன்" என்றாள் ஜெசிந்தா.

"அதைத்தான் நானும் சொன்னேன்."

"சரிக்கா" என்றார் டீச்சர். "ஸ்க்ரூ எதை எங்க எடுத்தீங்களோ அதே இடத்துல போடணும். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. மாத்திப் போட்டீங்கன்னா போர்டைக் குத்திரும்."

பழைய பேட்டரியை எடுப்பதுதான் கஷ்டம். ஸ்பிரிட்டை ஓரத்தில் சொட்டுவிட்டு, அடிப்பசை ஊறும்வரை காத்திருக்க வேண்டும். நெம்பக் கூடாது. வளைந்தால் புகையும்.

"ஜெசிக்கு வந்துருச்சா?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"இது ரேஸ் இல்லக்கா."

"சும்மா கேட்டேன்."

அவளுடைய பேட்டரி வெளியே வந்தது. நடுவில் உப்பியிருந்தது.

ஜெசிந்தா எட்டிப்பார்த்தாள். "ஆத்தாடி, பூரி மாதிரில்ல உப்பியிருக்கு! கிழங்கு வச்சாச் சாப்பிட்டுறலாம்க்கா."

டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். சந்தனமாரி சிரிக்கவில்லை. பூரி என்று சொன்னது பேட்டரியையா தன்னையா என்று அன்று பூராவும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

புதுப் பேட்டரிகள் உட்கார்ந்தன. இரண்டு போன்களும் உயிர்பெற்றன.

சந்தனமாரி பசையை எடுத்தாள். டீச்சர் தடுத்தார்.

"ஒட்டாதீங்க. புதுப் பேட்டரி போட்டா கொஞ்ச நாளைக்கு முதுகை ஒட்டக் கூடாது. ரப்பர் பேண்டைப் போட்டு வைங்க. உப்புதா, சுடுதான்னு பாருங்க. அது குணம் தெரிஞ்ச பிறகு ஒட்டலாம்."

பக்கத்துத் தெருக் கடைக்காரர்கள் இதற்காக ரஹீமா டீச்சரைக் கேலி செய்வார்கள். அந்த அறையில் யார் போனைப் பார்த்தாலும் முறுக்குப் பொட்டலம் மாதிரி ரப்பர் பேண்டு போட்டிருக்கும்.

*

வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே சந்தனமாரி போனைத் திறந்தாள்.

ஜெசிந்தா ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். திறந்து கிடக்கிற போன், பக்கத்தில் புதுப் பேட்டரி, கீழே ஒரு கைகூப்பும் படம்.

திரும்பப் பார்த்தாள். மூலையில் தெரிவது டீச்சரின் கையா? பெரிதாக்கிப் பார்த்தாள். டீச்சரின் கைதான். டீச்சர் எதற்கு அந்தப் படத்துக்குள் போனார்?

தான் பார்த்தது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. தெரியாமல் பார்ப்பதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது. வகுப்பில் சேர்ந்து சந்தனமாரி முதலில் கற்றுக்கொண்ட வித்தையே அதுதான்.

வீட்டில் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டாள். வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. கட் பண்ணிவிட்டு உடனே டீச்சருக்குப் போட்டாள். அதுவும் வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது.

"ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க" என்றாள்.

"யாரு?" என்றார் கருத்தபாண்டி.

மறுபடி ஜெசிந்தாவுக்கு. மறுபடி டீச்சருக்கு. ஒரு தடவை ஜெசிந்தாவின் லைன் கிடைத்துவிட்டது. சட்டென்று கட் பண்ணினாள்.

"ஏய், குழம்பு அடிப்பிடிக்குது. அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்னதான் தெரியுது உனக்கு?"

"வேலை விஷயம். உங்களுக்குப் புரியாது."

மறுநாள் மதியத்துக்குள் போன் மயங்கிவிட்டது. அன்றைக்குத்தான் படியேறிப் போய், சொத்தைப் பேட்டரி என்று சண்டை போட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை. இரண்டு போன்களும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ரப்பர் பேண்டு. ஜெசிந்தாவுடையது பச்சை, அவளுடையது சிவப்பு.

டீச்சர் புர்காவை மாட்டிக்கொண்டார்.

"மார்க்கெட் கடையில ஷட்டர் ஒட்டுதாம். ஒரு எட்டு பார்த்துட்டு வந்துர்றேன். ஜெசி, நீ வர்றியா? மேசையை எந்தப் பக்கம் போடலாம்னு பார்ப்போம்."

சந்தனமாரி எழுந்தாள்.

"அக்கா, நீங்க இருங்க. முழங்காலை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். யாராவது வந்தா உட்காரச் சொல்லுங்க."

ஜெசிந்தா போனை எடுக்கப் போனாள். முழுதாக ஏறிவிட்டது. ஆனாலும் எடுக்கவில்லை. "கிடக்கட்டும், வந்து எடுத்துக்கிறேன்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

மாடிப்படியில் இரண்டு பேரின் சிரிப்பும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று பார்க்கப் போகிறார்களாம். அப்படியென்றால் முடிவாகிவிட்டது. சனிக்கிழமை பரீட்சை எல்லாம் ஊருக்குச் சொல்கிற பேச்சு. எந்த நாற்காலிக்காக இந்த முழங்காலோடு தினமும் மாடி ஏறினாளோ, அதில் ஜெசிந்தா உட்காரப் போகிறாள். கூட்டிவந்தது இவள். உட்காரப் போவது அவள்.

சந்தனமாரி இரண்டு போன்களையும் பார்த்தாள்.

அவளுடையதும் முழுதாக ஏறியிருந்தது. மதியத்துக்குள் இறங்கிவிடும். பச்சை ரப்பர் பேண்டு போட்டது சாயங்காலம் வரை நிற்கும். எப்படி நிற்காது? நல்ல பேட்டரி.

இரண்டையும் அணைத்தாள். இரண்டு ரப்பர் பேண்டுகளையும் உருவினாள்.

கை நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வகுப்பில் யாராவது பக்கத்தில் இருந்தால் அவளுக்கு ஸ்க்ரூ வழுக்கும். இன்று ஒன்றுகூட வழுக்கவில்லை. நீளம் நீளத்தின் இடத்தில், குட்டை குட்டையின் இடத்தில். கனெக்ஷனைக் கழற்றினாள். அடியில் ஒட்டியிருந்த பசைப் பட்டையை இழுத்தாள். பேட்டரி நோகாமல் வந்தது. அதை இங்கே வைத்தாள், இதை அங்கே வைத்தாள். மாட்டினாள், மூடினாள், சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை.

போன்களை ஆன் பண்ணி, இருந்த இடத்தில் இருந்தபடி வைத்தாள்.

அவர்கள் திரும்பிவந்தபோது ஒரு பழைய துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா போனை எடுத்தாள். "என்ன, ஆஃப் ஆகி ஆன் ஆன மாதிரி லாக் கேக்குது?"

"கரண்டு போயிட்டு வந்துச்சு" என்றாள் சந்தனமாரி.

கரண்டு போனால் ஃபேன் நிற்கும், விளக்கு அணையும். பேட்டரி உள்ள போன் எதற்கு அணைய வேண்டும்?

டீச்சர் சந்தனமாரியின் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று அவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"வெயில் ஜாஸ்தி. ஆளுக்கு ஒரு சர்பத் சொல்லட்டுமா?" என்றார் டீச்சர்.

*

சனிக்கிழமை காலை. இரண்டு போன்களும் முழுச் சார்ஜோடு கிளம்பின.

"எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க" என்றார் டீச்சர். "போனுக்காக எதையும் மாத்தாதீங்க. சாயங்காலம் பார்ப்போம்."

ஜெசிந்தாவுக்குச் சொந்தக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம். அங்கே போய்விட்டாள். சந்தனமாரி வீட்டுக்கு வந்தாள்.

மனசு லேசாக இருந்தது. சொத்தைப் பேட்டரி இப்போது யாரிடம் இருக்கிறது? பாவம் ஜெசி. நிச்சயதார்த்தம் முடிவதற்குள் அவள் போன் செத்துவிடும்.

செத்துவிட்டதா?

போனைத் திறந்தாள். ஜெசிந்தா புது ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். தாம்பூலத் தட்டு. அப்படியென்றால் இன்னும் சாகவில்லை.

துணி துவைத்தாள். நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். மோதிரம் போடுகிற படம். இன்னும் சாகவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. ஸ்டேட்டஸ் எதுவும் வரவில்லை. செத்துவிட்டதோ? நிச்சயமாகத் தெரிய வேண்டுமே. ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'சாப்பிட்டியா?'

இரண்டு டிக் விழுந்தது. போன் உயிரோடு இருக்கிறது.

கொஞ்ச நேரம் பொறுத்தாள். 'என்ன சாப்பாடு?'

இரண்டு டிக்.

'பொண்ணுக்கு என்ன நகை போட்டாங்க?'

இரண்டு டிக். ஜெசிந்தாவிடமிருந்து ஒரு சிரிப்புப் படம் வந்தது. பிறகு ஒரு பிரியாணி படம்.

'பாயசம் உண்டா?'

"யாருக்கு இவ்வளவு பாசமா மெசேஜ் போடுற?" என்றார் கருத்தபாண்டி.

சந்தனமாரிக்குக் காது கேட்கவில்லை. இரண்டாவது டிக் விழாமல் ஒரே டிக்கோடு நிற்கிற நேரத்துக்காக அவள் காத்திருந்தாள். திரையை அணைய விடாமல் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, பாத்திரக்கடை படியில் கால் வைத்தபோது போன் அவள் கையிலேயே கறுத்துப்போயிற்று.

*

டீச்சர் மேசைமேல் சாவியை வைத்திருந்தார்.

ஜெசிந்தா பட்டுப்புடவையோடு வந்திருந்தாள். தலையில் பூ. கைப்பையைத் திறந்து, அடியில் கைவிட்டு, கைக்குட்டைக்கும் தாம்பூலப் பைக்கும் கீழே இருந்த போனை எடுத்து வைத்தாள்.

பாதிக்குமேல் பாக்கி இருந்தது.

"உங்களோடதுக்கா?"

சந்தனமாரி போனை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். கறுப்பாகவே இருந்தது.

"எவ்வளவு மெசேஜ் போட்டாங்க தெரியுமா டீச்சர்!" என்றாள் ஜெசிந்தா. "சாப்பிட்டியா, பாயசம் குடிச்சியான்னு. என் கூடப்பிறந்தவகூட இப்படிக் கேக்க மாட்டா. அங்க எல்லாருகிட்டயும் காட்டினேன்."

டீச்சர் சாவியை ஜெசிந்தாவின் பக்கம் நகர்த்தினார். பச்சை ரப்பர் பேண்டை உருவி, முதுகைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சுத்தமான வேலை! பேட்டரி எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கு. ஜெசி, இவ்வளவு நேர்த்தி எங்கிட்டகூட இல்ல."

நாற்காலி போனதைச் சந்தனமாரி தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"அது என் வேலை!" என்று கத்தினாள். "அந்தப் பேட்டரியை அங்க உட்கார வச்சது நான். அது என் பேட்டரி!"

கீழே பாத்திரக்கடையில் ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டது.

ஜெசிந்தாவின் முகத்திலிருந்த பூரிப்பு மெல்ல வடிந்தது.

"ஏன்க்கா? கேட்டிருந்தா நானே கழத்திக் குடுத்திருப்பேனே."

"அதான்டி எனக்குப் பிடிக்கல! நீ குடுத்துருவ. கேட்டதும் குடுத்துருவ. அப்புறம் நான் அதுக்கும் சேர்த்து உன்னையப் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

ஜெசிந்தா பூவைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் கோபப்படவில்லை. சிவப்பு ரப்பர் பேண்டையும் உருவினார். இரண்டு போன்களின் வயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டையும் நீங்கதான் மாட்டினீங்களா? நாங்க மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள?"

சந்தனமாரி தலையாட்டினாள்.

"ஒரு ஸ்க்ரூகூட மாறலையே. ஜெசி, உன்னால முடியுமா?"

ஜெசிந்தா மூக்கை உறிஞ்சினாள். குனிந்து பார்த்தாள். "முடியாது டீச்சர். சத்தியமா முடியாது."

டீச்சர் சாவியை எடுத்து, சந்தனமாரியின் முன்னால் வைத்தார்.

"நிக்கிற பேட்டரி நீங்க மாட்டினது. நியாயமாப் பார்த்தா நாற்காலி உங்களுக்குத்தான்."

சந்தனமாரியின் கை சாவிக்கு நீண்டது.

டீச்சர் சாவியின் மேல் ஒரு விரலை வைத்தார்.

"ஒரே ஒரு கேள்விக்கா. கடையைத் தொறந்ததும் ஒருத்தர் வருவார். புதுப் பேட்டரி போட்டும் நிக்கலைன்னு சண்டை போடுவார். நீங்க வேற பேட்டரி மாத்திக் குடுப்பீங்க. அதுவும் நிக்காது. முதல்ல போட்டதை வேறொருத்தருக்கு மாட்டுவீங்க. அங்க அது ஜம்முனு நிக்கும். அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"பேட்டரி மேல தப்பு இல்லைன்னு சொல்லுவேன்."

"அப்ப என் சார்ஜெல்லாம் எங்க போகுதுன்னு கேப்பாரே?"

சந்தனமாரி வாயைத் திறந்தாள்.

அவள் கண் டீச்சரிடம் போகவில்லை. இந்தக் கேள்விக்கு ஜெசிந்தாவுக்குப் பதில் தெரிந்திருக்குமோ என்று அந்தப் பக்கம் திரும்பியது.

பாதி வழியில், வயிறு திறந்து கிடந்த தன் போனின் மேல் நின்றது.

டீச்சர் சாவியிலிருந்து விரலை எடுத்தார்.